மலையகத்தில் கணினியும் கைப்பேசியும் பழுதானால்: கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கும் முறை

மஸ்கெலியாவிலிருந்தோ அப்கோட்டிலிருந்தோ ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் நகரத்துக்கு வருவது சின்ன வேலையல்ல. ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ் கட்டணம் போகிறது, கடைக்காரர் "இரண்டு நாள் கழித்து வாருங்கள்" என்றால் அதே பயணம் இன்னொரு முறை. இத்தனைக்கும் பிறகு பெட்டியைத் திறந்தால், நினைவகப் பட்டையின் (ரேம்) முனையில் மெல்லிய ஈரக்கறை படிந்திருக்கும். அதைத் துடைத்து மாட்டினால் கணினி எழுந்துவிடும். பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சாதனத்தின் சொந்தக்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பழுதுநீக்கும் குறிப்புகள் பெரும்பாலும் மென்பொருளில் தொடங்குகின்றன: புதுப்பித்துப் பாருங்கள், வைரஸ் இருக்கிறதா என்று சோதியுங்கள், எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுங்கள். நம் ஊர்களில் அந்த வரிசை பொருந்தாது. இங்கே சாதனங்களை முதலில் படுத்துவது சுவரிலிருந்து வரும் மின்சாரம், அடுத்தது காற்றிலிருக்கும் ஈரம், அதற்கடுத்தது மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் சிக்னல். மென்பொருளின் முறை இவற்றுக்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றாமல் பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கை வைக்கும் முன்

சாதனம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சரி, முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான். பிள்ளைகளின் படங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், பிறப்புச் சான்றிதழின் பிரதி, வங்கி விவரங்கள் ஆகியவற்றை ஒரு பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டுவிடுங்கள். பழுதான பாகத்துக்குப் பதில் வேறொன்றை வாங்கலாம். காலமான தாத்தாவின் குரல் பதிவை எங்கும் வாங்க முடியாது.

இரண்டாவது, திரையில் ஏதாவது பிழைச் செய்தி வந்தால் உடனே மூடிவிடாமல் இன்னொரு கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "என்னமோ நீலமாக வந்தது" என்று சொன்னால் கடையில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் படத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி போதும், வழி திறந்துவிடும்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சார்ஜரை மாற்றி, கேபிளை மாற்றி, அமைப்புகளையும் மாற்றிவிட்டு சாதனம் சரியானால், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே பழுது வரும்போது மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதலில் சுவரைப் பாருங்கள்

கணினிக்கு உயிரே வரவில்லையா? வேறு எதையும் யோசிக்கும் முன் அதே ப்ளக் துளையில் ஒரு கைப்பேசிச் சார்ஜரை மாட்டுங்கள். சார்ஜ் ஏறினால் சுவர் நல்லது. ஏறாவிட்டால் பழுது கணினியில் இல்லை. பல வீடுகளில் வட்ட முனைப் பழைய ப்ளக்குகளும் சதுர முனை 13 அம்பியர் ப்ளக்குகளும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் இணைக்க நடுவில் ஓர் அடாப்டர், அதற்கு மேல் ஒரு நீட்டிப்புப் பலகை. இந்தச் சங்கிலியில் எங்காவது ஓரிடம் தளர்ந்திருக்கும். ப்ளக்கைத் தொட்டுப் பார்க்கும்போது சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ அந்த அடாப்டரை உடனே தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது, அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு: "மாலையில் மட்டும் கணினி தானாக நின்று மீண்டும் தொடங்குகிறது." இது பெரும்பாலும் வைரஸ் அல்ல. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 6 சதவீதம் கூடவோ குறையவோ இடமுண்டு, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. தோட்டத்து வரிசை வீடுகளான லயன் அறைகளில் ஒரே இணைப்பிலிருந்து நீண்ட மெல்லிய கம்பி இழுத்து இரண்டு மூன்று வீடுகளுக்குப் பகிர்ந்திருப்பார்கள். கம்பி நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், அதில் ஓடும் மின்னோட்டம் கூடக்கூட கடைசி வீட்டில் வோல்ட் குறையும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் கேத்தலைப் போட்டவுடன் உங்கள் கணினி அணைந்தால் காரணம் அதுதான்.

இதை உறுதிப்படுத்த, காலை பத்து மணிக்கு ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியால் வோல்ட்டை அளக்க வேண்டும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் தாங்களே அளக்க வேண்டாம், தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இரவு அளவு 216-க்குக் கீழே இறங்கினால், முதலில் வீட்டுக்குள் ஓடும் கம்பியையும் இணைப்புகளையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே குறையில்லை என்றால் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு நேரத்தையும் அளவையும் சொல்லி முறைப்பாடு செய்யுங்கள். "கரண்ட் சரியில்லை" என்பதைவிட "இரவு எட்டு மணிக்கு 190 வோல்ட்" என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மடிக்கணினி, கைப்பேசிச் சார்ஜர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாகப் பொருட்டில்லை. அவற்றின் மேல் சிறிய எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். மேசைக் கணினிக்குத்தான் யூ.பி.எஸ். தேவை, அதாவது மின்சாரம் போனாலும் சிறிது நேரம் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி. வாங்கியும் பயனில்லாமல் இருப்பவர்கள் உண்டு. மின்சாரம் போனதும் யூ.பி.எஸ்.ஸும் சேர்ந்தே அணைந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பற்றரி வயதாகிவிட்டது என்று பொருள். இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் அது மாற்ற வேண்டியதுதான். முழுப் பெட்டியையும் புதிதாக வாங்கத் தேவையில்லை.

ட்ரிப் சுவிட்ச் மழை நாளில் விழுந்துகொண்டே இருந்தால், எல்லா ப்ளக்குகளையும் கழற்றிவிட்டு அதை மேலே தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் ஈரம் வீட்டுக் கம்பியில் இருக்கிறது, மின்வேலைக்காரரின் வேலை. நின்றால், ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ட்ரிப் சுவிட்ச்சை ஒருநாளும் கட்டி நிறுத்தவோ கடந்து இணைக்கவோ கூடாது. அது விழுவது உங்கள் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுவதற்காக.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் மேகம் திரண்டு இடிக்கும் காலம். அந்த மாதங்களில்தான் ரவுட்டர்களும் தொலைக்காட்சிகளும் கும்பலாகக் கடைக்கு வருகின்றன. சுவிட்ச்சை அணைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. ப்ளக்கை முழுவதும் பிடுங்க வேண்டும். அதோடு ரவுட்டரின் பின்னால் வரும் தொலைபேசிக் கம்பியையும், தொலைக்காட்சியின் ஆன்டெனாக் கம்பியையும் பிடுங்க வேண்டும். மின்னல் பாய மின்கம்பிதான் வேண்டும் என்றில்லை, தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாகவே ரவுட்டர் எரிந்த வீடுகள் ஏராளம். இதையெல்லாம் இடி தூரத்தில் கேட்கும்போதே செய்துவிட வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது போய்க் கம்பியைத் தொடாதீர்கள்.

ஈரம்

இதுதான் நம் மண்ணின் பெரிய பிரச்சினை. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்தைக் கொட்டித் தீர்க்கும். வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பெய்யும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் மழையில்லாத நாளிலும் மூட்டம் சன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். துணி காயாத வீட்டில் கணினி மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

மேசைக் கணினியை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது, சில நேரம் பீப் பீப் என்று சத்தம் போடுகிறது. மழைக்காலத்தில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நினைவகப் பட்டையை. செய்ய வேண்டியது இதுதான்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தொடக்கும் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தை ஒருமுறை தொடுங்கள், கையில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். நினைவகப் பட்டை ஒரு நீளமான மெல்லிய துளையில் செங்குத்தாக நிற்கும். இரு முனையிலும் இருக்கும் பிடிகளை வெளிப்புறமாக அழுத்தினால் அது மேலெழும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, கீழ் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறமாக மின்ன வேண்டிய சின்னச் சின்னப் பட்டிகள் மங்கிப் பழுப்பேறியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் சுத்தமான வெள்ளை அழிறப்பரால் அந்தப் பட்டிகளை ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். சில தேய்ப்பிலேயே நிறம் திரும்பும். துகள்களைக் காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சில் இருக்கும் ஈரம் நீங்கள் துடைத்த இடத்திலேயே போய்ப் படியும். பட்டையில் இருக்கும் வெட்டு துளையில் இருக்கும் மேட்டோடு பொருந்தும்படி வைத்து, இரு பக்கமும் 'டக்' என்று பிடிகள் மூடும்வரை அழுத்துங்கள். சுவரிலிருந்து வரும் மின்கம்பி மாட்டும் மின்வழங்கிப் பெட்டியை (பவர் சப்ளை) மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். ப்ளக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கைப்பேசி நனைந்துவிட்டால் வரிசை முக்கியம், அதனால் இதை மட்டும் எண் போட்டு எழுதுகிறேன்.

1. உடனே அணையுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.
2. சார்ஜரில் மாட்டாதீர்கள். ஈரமும் மின்சாரமும் சேரும்போதுதான் உள்ளே அரிப்பு வேகமெடுக்கிறது.
3. உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, மென்துணியால் துடையுங்கள். சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள்.
4. காற்றுப் புகாத ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு இறுக மூடி, குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

அரிசி மூட்டைக்குள் புதைப்பது ஊரறிந்த வைத்தியம். அதைக் கைவிட வேண்டும் என்று மனதார கேட்டுக்கொள்கிறேன். ஆப்பிள் நிறுவனமே தன் ஆதரவுப் பக்கத்தில் அரிசி வேண்டாம் என்று எச்சரிக்கிறது, நுண்துகள்கள் உள்ளே போய்ப் பழுதைக் கூட்டும் என்பதால். அதோடு நம் ஊர் அரிசியே மழைக்காலத்தில் ஈரம் குடித்து நிற்கிறது, அது வேறொன்றின் ஈரத்தை எப்படி இழுக்கும்? அடுப்புக்கு மேல் தொங்கவிடுவதும் கூடாது. சூடு பற்றரியைக் கெடுக்கும், விறகுப் புகை துளைகளில் படியும்.

தண்ணீரில் தப்பிய கைப்பேசி தேநீரில் தப்புவது கடினம். சீனி போட்ட பிளேன்டீ காய்ந்தாலும் பசை மிஞ்சும். மடிக்கணினியின் விசைப்பலகையில் ஊற்றிவிட்டால், பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பாதி திறந்த நிலையில் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போங்கள். இது வீட்டில் முடிகிற காரியமல்ல. காய்ந்துவிட்டது என்று நம்பி ஒரு வாரம் ஓட்டியவர்கள் பிறகு தாய்ப்பலகையையே (மதர்போர்ட்) மாற்றினார்கள்.

சார்ஜ் மாட்டும்போது நீர்த்துளிப் படம் அல்லது திரவம் கண்டறியப்பட்டது என்ற எச்சரிக்கை வந்தால், கைப்பேசி பொய் சொல்லவில்லை. துளைக்குள் ஈரம் இருக்கிறது. அரை மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பாருங்கள். குளிர் நாட்களில் ஒரு நாள் முழுவதும் கூட ஆகலாம். எச்சரிக்கையை மீறிச் சார்ஜ் ஏற்றினால் துளையின் உள்ளே பச்சையாகக் களிம்பு பிடிக்கும்.

நுவரெலியாவின் குளிரிலிருந்து கொழும்புக்கு வேனில் இறங்குகிறவர்கள் கவனிக்க: குளிர்ந்த மடிக்கணினியை அங்கே போனதும் பையிலிருந்து எடுத்தால், வெப்பக் காற்றில் இருக்கும் நீராவி அதன் மேல் படியும். வெளியே தெரிவது போலவே உள்ளேயும் படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து தொடக்குங்கள்.

கமராவின் வில்லையில் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. திருமணப் படம் எடுக்கும் தம்பிமார் இதனால் பட்ட நட்டம் கொஞ்சமல்ல. முன்பெல்லாம் அலுமாரிக்குள் ஒரு சின்ன மின்குமிழை எரியவிட்டு ஈரத்தை விரட்டுவார்கள். இப்போதைய எல்.ஈ.டி. குமிழ் அவ்வளவு சூடாவதில்லை, அதனால் அந்த வித்தை பலிக்காது. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவை நிறைந்துவிட்டன. மாற்ற வேண்டும்.

பிரிண்டர் ஒன்றுக்கு மேற்பட்ட தாளை இழுக்கிறதா, நடுவில் சிக்குகிறதா? பிரிண்டரைக் குற்றம் சொல்லும் முன் தாளை மாற்றுங்கள். திறந்து வைத்த கட்டு இரண்டே நாளில் ஈரம் குடித்து ஓரம் சுருளும். சீமெந்துத் தரையில் வைக்காமல் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். தேவையான அளவு மட்டும் தட்டில் போடுங்கள்.

பற்றரியும் சார்ஜும்

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிள், பிறகு வேறு சார்ஜர், பிறகு துளை. கைப்பேசியை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் துளையைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அழுந்தி அடியில் தட்டையாகக் கிடக்கும். மரப் பல்குத்தியால் மெல்ல நெம்பி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம்.

காலைக் குளிரில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி திடீரென்று அணைகிறதா? குளிரில் லித்தியம் பற்றரியின் உள்தடை கூடுகிறது. புதிய பற்றரி தாங்கும், வயதானது தாங்காது. சட்டைப்பைக்குள் உடல் சூட்டில் வைத்திருந்து, பிறகும் அணைந்தால் பற்றரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

பின்பக்கம் புடைத்தாலோ, திரை விளிம்பில் பிரிந்தாலோ, மடிக்கணினியின் தொடுபலகை மேலெழுந்தாலோ உடனே நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். வீங்கிய பற்றரி தீப்பிடிக்கக்கூடியது.

சிக்னல்

கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே மலை நின்றால் எந்த அமைப்பை மாற்றியும் பெரிய பயனில்லை. இதை ஏற்றுக்கொண்டால் வீண் செலவு குறையும். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் பாடத்துக்காகப் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறியது நாடே பார்த்தது. அவர்களிடம் இருந்த கைப்பேசிகளில் குறையில்லை.

ஆனாலும் பார்க்க வேண்டியவை உண்டு. கோடுகள் நிறைய இருந்தும் இணையம் வரவில்லை என்றால் விமானப் பயன்முறையைப் போட்டுப் பத்து நொடி கழித்து எடுங்கள். கைப்பேசி கோபுரத்தைப் புதிதாகத் தேடும். சரிவராவிட்டால் அதே இடத்தில் வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியைப் பாருங்கள். டயலொக் எடுக்காத பள்ளத்தில் மொபிடெல் எடுக்கலாம், ஹட்ச் எடுக்கலாம். புதிய சிம்மை வாங்கும் முன் உறவினரின் கைப்பேசியைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் வீட்டில் சோதிப்பதே புத்திசாலித்தனம். ரிலோட் இருக்கிறதா, டேட்டா முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை அலுமாரிக்கு மேல் அழகாக வைக்கிறார்கள். தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும், எனவே கூரைக்கு அருகே வைப்பதில் பயனில்லை. சன்னலோரம் வையுங்கள். எந்தச் சன்னல் என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் வைத்து வேகத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மெதுவாகவும் அதிகாலை ஐந்து மணிக்கு வேகமாகவும் இருந்தால் கோபுரத்தில் நெரிசல், உங்கள் ரவுட்டர் நல்லது.

செப்புக் கம்பி வழியாக இணையம் பெறுகிறவர்களுக்கு ஓர் எளிய சோதனை. மழை நாளில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால், அதே கம்பியில் உள்ள தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் பொரிவது போலக் கரகரப்பு கேட்டால், வெளியே கம்பி இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரவுட்டரை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்பானால் 1212-க்கு அழைத்து "குரல் அழைப்பிலும் கரகரப்பு இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஃபைபர் இணைப்பில் சிவப்பு விளக்கு சிமிட்டினால் ஒளியிழையில் பழுது. அந்த மெல்லிய கம்பியைக் கூர்மையாக மடிக்கவோ ஆணியில் சுற்றவோ கூடாது.

பங்களாக்களின் தடித்த கருங்கல் சுவர்களுக்குள் வைபை எட்டவில்லை என்றால், ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹேர்ட்ஸைவிட 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டும். வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம். சிக்னல் இல்லாத மலையில் கொளுந்து பறிக்கப் போகும்போது விமானப் பயன்முறையைப் போடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி நாள் முழுவதும் கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றரியைத் தீர்த்துவிடும்.

இப்போது மென்பொருள்

கணினி ஊர்ந்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். வரும் சாளரத்தில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், பழைய சுழலும் வன்தட்டுதான் மூச்சுத் திணறுகிறது. அதைச் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு மாற்றுவதே, ஊரும் கணினிக்கு நான் சொல்லும் ஒரே செலவு. வேறு எந்தச் செலவும் அவ்வளவு பலன் தராது. வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் சோதனை எதுவும் செய்யாமல் முதலில் கோப்புகளை எடுங்கள்.

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் நின்றால், தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ சீ.ஆர். 2032 பற்றரி தீர்ந்துவிட்டது. மின்வெட்டு அதிகமான ஊரில் அது சீக்கிரமே தீரும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. பழைய கணினியில் வங்கி வேலை செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கைப்பேசியில் இடம் நிரம்பினால் வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பகப் பகுதிக்குப் போய், பலமுறை பகிரப்பட்ட காணொளிகளை முதலில் அழியுங்கள். காலை வணக்கப் படங்களே பெரும் இடத்தைப் பிடித்திருக்கும்.

பாமினிக் கோப்பும் கொமியூனிகேஷன் பென் டிரைவும்

தோட்ட அலுவலகத்திலிருந்தோ பாடசாலையிலிருந்தோ வந்த கோப்பைக் கைப்பேசியில் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, வைரஸும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையே, எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் உள்ளே இருப்பது அப்படியே வெளிப்படுகிறது. அந்த வரிகளை நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவி ஒன்றில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும். எழுதுகிறவர்கள் யூனிகோடிலேயே எழுதப் பழகினால் இந்தத் தொல்லையே இல்லை. விண்டோஸ் 10-இலும் 11-இலும் தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவரை, அனுப்பும் கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். எழுத்துரு கோப்போடு சேர்ந்தே போகும்.

விண்ணப்பத்தை அச்சிட, பிரதியெடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் பென் டிரைவைக் கொடுத்து வாங்கி வந்தால், வீட்டில் கோப்புகளைக் காணவில்லை, வெறும் குறுக்குவழிக் குறிகள் மட்டும் தெரிகின்றன என்பார்கள். பெரும்பாலும் கோப்புகள் அங்கேயே மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குறிகளை அழுத்தவே கூடாது, அழுத்தினால் உங்கள் கணினிக்கும் தொற்றும். கோப்புச் சாளரத்தின் காட்சிப் பகுதியில் மறைக்கப்பட்டவற்றைக் காட்டும் தெரிவைப் போடுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், கோப்புறை விருப்பங்களில் இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் எடுத்துவிடுங்கள். உங்கள் ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுத்து, விண்டோஸின் சொந்த வைரஸ் காவலனால் சோதித்து, பென் டிரைவில் இருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள் (ஃபோர்மட்). அச்சிடுவதற்கென்றே சின்ன பென் டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது நல்லது. பரீட்சைத் தயாரிப்புகள் இருக்கும் பென் டிரைவ் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்

இவ்வளவும் பார்த்த பிறகும் எழவில்லை என்றால் கொண்டுபோங்கள். சிம்மையும் நினைவக அட்டையையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். சாம்சங் கைப்பேசிகள் பலவற்றில் பராமரிப்புப் பயன்முறை இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுதுபார்ப்பவர் சாதனத்தைச் சோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் கைப்பேசிகளைக் கொடுக்கும்போது இதை மறக்காதீர்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் ஏன் தேவை என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

எப்போது தொடங்கியது, மழையா வெயிலா, எந்த நேரம், நீங்கள் எதை எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். செலவு எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன் கேளுங்கள். அதைத் தாண்டினால் அழைத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள், வீங்கிய பற்றரியைத் தவிர. பற்றுச்சீட்டில் மாற்றிய பாகத்தின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் தொகை மட்டும் எழுதிய சீட்டை ஏற்காதீர்கள். கடையை விட்டு இறங்கும் முன், அங்கேயே தொடக்கி, சார்ஜ் மாட்டி, ஓர் அழைப்பு எடுத்து, கமராவைத் திறந்து பாருங்கள். மஸ்கெலியா பஸ் ஏறிய பிறகு தெரியவரும் குறைக்கு மீண்டும் ஒரு நாள் சம்பளம் போகும்.